வண்டிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்

இரவு ஒன்பதரை. தெருமுனையில் ஒரு டிவிஎஸ் ஃபிப்டி திரும்புகிறது. வீட்டுக்குள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் பேனா நின்றுவிடுகிறது. வண்டி நேராக வந்து நின்றதா, இல்லை நடுவில் ஆஃப் ஆகி மறுபடி கிளம்பியதா? ஸ்டாண்டு ஒரே தடவையில் விழுந்ததா? வாசல் கேட்டின் கொண்டியைக் கை எவ்வளவு நேரம் தடவுகிறது? செருப்பு ஒழுங்காகக் கழன்றதா, உதறித் தள்ளப்பட்டதா? இருபது நொடிக்குள் அந்தப் பிள்ளை முடிவுக்கு வந்துவிடும். தூங்குவதுபோல் நடிக்க வேண்டிய ராத்திரியா, தம்பியைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போக வேண்டிய ராத்திரியா, அம்மாவிடம் "நீ எதுவும் பேசாதம்மா" என்று சொல்லிவைக்க வேண்டிய ராத்திரியா, இல்லை சிரித்துக்கொண்டு போய்க் கதவைத் திறக்கலாமா.

இந்தக் கணக்கைப் போடப் பழகிய பிள்ளைக்கு இப்போது முப்பத்தெட்டு வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா குடியை விட்டுப் பல வருஷம் ஆகியிருக்கலாம், இறந்தே போயிருக்கலாம். ஆனால் சமையலறையில் கணவர் பாத்திரத்தைச் சற்று ஓங்கி வைத்தால் அவளுக்கு வயிறு இறுகுகிறது. மேனேஜர் "கொஞ்சம் கேபினுக்கு வாங்க" என்று மெசேஜ் போட்டால், போன மாதத்தில் என்னென்ன தப்பு செய்தோம் என்று மனசு பட்டியல் போடுகிறது. தோழி வெறும் "ம்" என்று பதில் அனுப்பினால் "கோவமா? ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்று மூன்று தடவை கேட்டுவிடுகிறாள். எல்லோரும் அவளை ரொம்ப சென்சிடிவ் என்கிறார்கள், அவளும் அதையே நம்புகிறாள். இதைக் குணக்கோளாறு என்று நினைப்பதில்தான் பாதிப் பேருடைய வாழ்க்கை வீணாகிறது. அது அந்த வீட்டில் அவளையும் தம்பியையும் காப்பாற்றிய திறமை. வீடு மாறிவிட்ட சேதி அந்தக் காதுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

குழந்தைப் பருவ அதிர்ச்சி என்றதும் பாலியல் கொடுமை, விபத்து, போர் என்று பெரிய சம்பவங்கள்தான் நினைவுக்கு வரும். நம் ஊரில் அதிகம் பேரைத் தொட்டிருக்கும் வடிவம் இன்னொன்று: குடிக்கிற அப்பா. 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மது அருந்துகிறார். இவர்கள் எல்லோரும் குடிநோயாளிகள் இல்லை. ஆனால் அதில் ஒரு பகுதி என்றாலும் எத்தனை வீடு, எத்தனை பிள்ளைகள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு நடந்ததை அதிர்ச்சி என்று ஒருநாளும் சொன்னதில்லை. "எங்கப்பா குடிப்பாரு, எல்லா வீட்லயும் நடக்கிறதுதானே" என்று ஒரே வாக்கியத்தில் கடந்துபோவார்கள்.

இந்தத் துறையில் திருப்புமுனையாக அமைந்த ஆய்வு உடல் எடை குறைக்கும் ஒரு கிளினிக்கில் ஆரம்பித்தது. அமெரிக்காவின் சான் டியேகோவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பில் அந்தச் சிகிச்சையை நடத்தி வந்தவர் டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி. நன்றாக எடை குறைந்து வந்தவர்களே 1980-களில் பாதியில் நின்றுபோவதை அவர் கவனித்தார். உட்கார வைத்துப் பேசியபோது பலருக்குச் சிறுவயதில் கொடுமைகள் நடந்திருந்தது தெரியவந்தது. பிறகு டாக்டர் ராபர்ட் ஆண்டாவுடன் சேர்ந்து 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சிறுவயது அனுபவங்களைக் கேட்டார்கள். முதல் முடிவுகள் 1998-ல் வெளிவந்தன. கடைசியில் கணக்கில் எடுத்துக்கொண்ட பத்து வகைத் துன்பங்களில் ஒன்று, வீட்டில் ஒருவர் குடிக்கோ போதைக்கோ அடிமையாக இருந்தது. நான்கு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, எதுவுமே அனுபவிக்காதவர்களைவிடக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது. குடி இருக்கும் வீட்டில் நான்கு சேருவது கஷ்டமே இல்லை. அம்மா அடி வாங்குவது, பிள்ளைகள் அடி வாங்குவது, கெட்ட வார்த்தையில் திட்டு எல்லாம் ஒன்றையொன்று கூட்டிக்கொண்டு வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். இந்தப் பத்து வகைத் துன்பங்களையும் கேட்கும் பத்துக் கேள்விக்கு இணையத்தில் மதிப்பெண் போட்டுக்கொண்டு "எனக்கு ஆறு, நான் அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிடுபவர்கள் உண்டு. அந்த மதிப்பெண் பெரிய மக்கள்கூட்டத்தைப் புரிந்துகொள்ள ஏற்பட்டது. தனி ஒருவரின் வருங்காலத்தைச் சொல்ல அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2020-ல் ராபர்ட் ஆண்டாவே எழுதினார். ஒரு தடவை நடந்ததும் பத்து வருஷம் தினமும் நடந்ததும் அதில் ஒரே ஒரு மதிப்பெண்தான். அப்போது பக்கத்தில் ஒரு பாட்டி இருந்தாரா என்ற கேள்வியும் அதில் இல்லை.

மூளைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா முந்திக்கொண்டு மணி அடிக்கும். "இரு, இது ஆபத்தா பார்ப்போம்" என்று நிதானிக்கும் முன்மூளை கொஞ்சம் பின்னால்தான் வந்து சேரும். வளரும் வயதில் மணி அடிக்கடி அடித்தால் அந்தப் பாதை தேய்ந்து அகலமாகிவிடும். அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசோலின் ஏற்ற இறக்கமும் தாறுமாறாகும். எல்லோருக்கும் அது கூடுதலாகவே இருக்கும் என்பது தவறான எண்ணம். நீண்ட காலம் அழுத்தத்தில் இருந்த சிலருக்கு அது மந்தமாகிவிடுகிறது. அவர்கள் பதறுவதற்குப் பதிலாக மரத்துப்போவார்கள். வீட்டில் சண்டை என்றால் இவர்களுக்குத் தூக்கம் வரும், கொட்டாவி வரும், சொல்வது காதில் விழாது. "நான் பேசிட்டே இருக்கேன், நீ கல்லு மாதிரி உக்காந்திருக்க" என்று துணை கொதிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடி உதையைவிட ஆழமாக இறங்குவது, எது எப்போது வரும் என்று தெரியாத நிலை. தினமும் அடிக்கிற அப்பாவை வெறுத்துவிடலாம், ஒரு முடிவு கிடைத்துவிடும். குடிக்கிற அப்பாக்களில் பலர் அப்படி இல்லை. காலையில் தலை வாரிவிடுவார், சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார். ராத்திரி அதே ஆள் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிவார்.

பரோட்டா பொட்டலம் என்று சொன்னால் போதும், விஷயம் தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும். பதினொன்றரை மணிக்கு அப்பா வாழையிலையும் பேப்பரும் சுற்றிய பொட்டலத்தோடு வருவார். தூங்கும் பிள்ளைகளை எழுப்பி உட்கார வைப்பார். சால்னா பிளாஸ்டிக் கவரின் முடிச்சு அவிழாது, பல்லால் கடித்து அவிழ்க்கும்போது பாதி தரையில் சிந்தும். "சாப்பிடு சாமி, அப்பா ஒனக்குத்தான் வாங்கிட்டு வந்தேன்" என்று ஊட்டுவார். அழுவார். கட்டிப்பிடித்துக்கொள்ளும்போது அந்த வாடை. தூக்கக் கலக்கத்தில் பிள்ளை மெல்லத் தாமதமானால் "ஏன், அப்பன் வாங்கிட்டு வந்தது எறங்கலையா?" என்று குரல் மாறும். அதனால் பிள்ளை வேகவேகமாக மென்று முழுங்கி, சிரித்துக் காட்டும்.

அன்பும் பயமும் ஒரே பொட்டலத்தில் வந்த இந்தப் பழக்கம்தான் பிற்காலத்தில் கல்யாண வாழ்க்கையில் மிகவும் குழப்பமான இடமாக இருக்கும். கணவரோ மனைவியோ எதிர்பாராமல் ஒரு பரிசு வாங்கி வந்தால் மகிழ்ச்சிக்கு முன்னால் சந்தேகம் வரும்: எதற்காக இது, பின்னால் என்ன வரப்போகிறது? கொஞ்சினால் உடம்பு விறைக்கும். அமைதியாக, சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்னதைச் செய்கிற ஆள் 'போர்' அடிக்கும். ஒருநாள் கொண்டாடி ஒருநாள் தூக்கியெறிகிற ஆளிடம்தான் காதல் என்று ஒன்று இருப்பதாகத் தோன்றும். குடிகாரர் மகள் குடிகாரரையே தேடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள் என்று ஊர் பேசுவது கொடூரமான பேச்சு. தெரிந்த தாளத்தைத்தான் உடம்பு வீடு என்று எடுத்துக்கொள்கிறது. அதை அவளிடம் யாரும் விளக்கியதில்லை.

நாட்காட்டிக்கும் உடம்புக்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள்கூட அடிக்கடி கேட்க மறந்துவிடுகிறார்கள். தீபாவளி போனஸ் வரும் வாரம், பொங்கல், சம்பள நாள், சனிக்கிழமை இரவு எல்லாம் குடி கூடும் நாட்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பண்டிகை என்பது புதுத்துணியைப் போட்டுக்கொண்டு பயந்திருப்பது. பெரியவரான பிறகும் தீபாவளிக்கு நான்கு நாள் முன்பே தலைவலி, வயிற்றுப்போக்கு, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வந்துவிடும். வீட்டிலுள்ளவர்களுக்கு "ஒவ்வொரு நல்ல நாளையும் கெடுக்கறாங்க" என்று படும். ராத்திரி ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை தூக்கம் அண்டாமல் இருப்பதும் இதே கணக்கு. அது அந்த வீட்டில் காவல் இருந்த நேரம்.

"வெளியில மூச்சு விடக்கூடாது" என்பது அந்த வீட்டின் முதல் சட்டம். பக்கத்து வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் தெரியாததுபோல் இருவருமே நடந்துகொள்வார்கள். காயத்தைக் கேட்டால் "படியில விழுந்துட்டேன்" என்று சொல்லப் பிள்ளை ஏழு வயதில் கற்றுக்கொள்கிறது. இதன் விளைவு வெறும் கூச்சம் என்று எண்ண வேண்டாம். தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் சொற்களே அந்த ஆளிடம் வளராமல் போய்விடுகின்றன. "என்ன ஆச்சு?" என்றால் "ஒண்ணுமில்ல". துக்கத்தைச் சொல்லத் தெரியாத இடத்தில் உடம்பு பேசும். நெஞ்செரிச்சல், கழுத்துவலி, ஓயாத அசதி என்று வருஷக்கணக்கில் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அசதிக்கு முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12, சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. எல்லாவற்றையும் மனசின்மேல் போடுவதும் தப்பு. அவை சரியாக இருந்தும் தீரவில்லை என்றால் பேச்சை அந்த வீட்டின் பக்கம் திருப்ப வேண்டும்.

ஒரே வீட்டில் வளர்ந்த மூன்று பிள்ளைகள் மூன்று விதமாக வருவார்கள். மூத்தவள் பத்து வயதிலேயே அம்மாவுக்கு அம்மாவாகி, அரிசி டப்பாவுக்குள் பணத்தை ஒளித்து வைத்து, தம்பிக்கு பீஸ் கட்டுவாள். பிற்காலத்தில் அலுவலகத்தில் எல்லோருடைய வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்வதும், ஓய்வெடுத்தால் குற்ற உணர்ச்சி வருவதும் அவள்தான். நடுவில் பிறந்தவன் திமிறுவான், பள்ளிக்கூடத்தில் கெட்ட பெயர் வாங்குவான். வீட்டுக் கோபமெல்லாம் அவன்மேல் இறங்கும். கடைசிப் பையன் சத்தமே இல்லாமல் ஒரு மூலையில் வளர்வான். இதில் கசப்பான விஷயம், கடைசிப் பையனுக்கு ஐந்து வயதாகும்போது அப்பா குடியை விட்டிருந்தால் அவன் அறிந்த அப்பா வேறு ஆள். "அக்கா எப்பப் பாரு அப்பாவைக் குறை சொல்றா" என்பான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இந்தச் சண்டையில் யார் நினைவு சரி என்று தீர்ப்புச் சொல்ல உட்காராமல் இருந்தாலே உடன்பிறப்பு உறவு பிழைக்கும்.

அம்மாவைப் பற்றிப் பேசுவது இதைவிடக் கடினம். அடி வாங்கிய அம்மா மூத்த பிள்ளையிடம்தான் அழுதிருப்பார். "ஒனக்காகத்தான்டி உயிரோட இருக்கேன்" என்று சொல்லியிருப்பார். அந்த வார்த்தையைக் கேட்ட பிள்ளைக்கு அம்மாவின் உயிரே தன் பொறுப்பாகிவிடுகிறது. கல்யாணமாகிப் போன பிறகும் தினமும் மூன்று முறை போன் செய்யாவிட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அம்மாவின்மேல் கோபமே வரக்கூடாது என்று இருந்தவர்கள், நாற்பது வயதில் "நீ ஏன் எங்களைக் கூட்டிட்டுப் போகல?" என்ற கேள்வி தங்களுக்குள் இருப்பதைக் கண்டு பயந்துபோவார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. வருமானமும் போக்கிடமும் இல்லாத பெண்ணுக்குப் போக இடமில்லை என்பதும் நியாயம். ஒன்றை ஒப்புக்கொள்வதற்காக மற்றொன்றை விழுங்க வேண்டியதில்லை.

வயதான அப்பாவிடம் போய் "நீ எனக்குச் செஞ்சது ஞாபகம் இருக்கா?" என்று கேட்பவர்கள் அடிக்கடி நொறுங்கிப்போய் வருகிறார்கள். அவர் "நானா? அப்படியெல்லாம் எதுவும் பண்ணலையே" என்பார். பல சமயம் அது பொய்யாக இருக்காது. ரத்தத்தில் ஆல்கஹால் வேகமாக ஏறும்போது, நினைவைப் பதிந்து வைக்கும் ஹிப்போகாம்பஸ் வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது. ஆள் நடப்பார், பேசுவார், அடிப்பார். காலையில் அந்த இரவு அவருக்குள் எங்கும் பதிவாகியிருக்காது. நெடுங்காலக் குடியில் தையமின் என்ற பி1 சத்துக் குறைந்து கோர்சகாஃப் என்ற மறதி நோய் வந்தவர்கள், இல்லாததையும் நடந்ததாகச் சொல்வார்கள். அதனால் அவர் பொறுப்பு குறைந்துவிடாது. ஆனால் அவர் ஒப்புக்கொண்டால்தான் என் காயம் உண்மை என்று காத்திருந்தால், இல்லாத ஒரு சாட்சிக்காகக் காத்திருப்பதாகிவிடும். சாட்சி வேண்டுமென்றால் அத்தையோ பழைய பக்கத்து வீட்டுக்காரரோ உடன்பிறப்போ போதும். "ஆமாம்மா, நாங்க கேட்டுட்டுதான் இருந்தோம்" என்று ஒருவர் சொல்வது பெரிய மருந்து.

"அப்பாதானே, மன்னிச்சுடு, போற வயசுல எதுக்கு" என்று சொந்தக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள். மன்னிப்பதா இல்லையா என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், வைக்காமலும் விடலாம். ஈரல் சுருங்கிப் படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதற்கு மன்னித்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எவ்வளவு பணம், வாரத்தில் எத்தனை மணி நேரம், யார் யாரோடு பங்கு போட்டுக்கொள்வது என்று எழுதி வைத்துக்கொண்டு செய்தால் செய்கிறவர் உடையாமல் இருப்பார்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் ஒரு நோட்டு, இரண்டு வாரம். பழைய கதையை எழுத வேண்டாம். தனியாக உட்கார்ந்து பழசையெல்லாம் ஒரே மூச்சில் எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டாம் நாள் ராத்திரி தூங்காமல் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இன்றைக்கு நடந்ததை மட்டும் மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள்: என்ன சத்தம் அல்லது சொல் அல்லது முகபாவம், உடம்பில் எங்கே என்ன ஆனது, அந்த நொடியில் நான் எத்தனை வயதுபோல் உணர்ந்தேன். மூன்றாவது கட்டம் விசித்திரமாகத் தோன்றும், ஆனால் அதுதான் பலன் தருவது. "ஹெச்ஆர் மெயில் வந்தது, தொண்டை அடைச்சது, எட்டு வயசு" என்று ஒரு வரி போதும். பதினைந்து வரி சேர்ந்ததும் உங்களுக்கே உரிய நான்கைந்து மணிகள் எவை என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அவை சத்தங்களாகத்தான் இருக்கும்.

அந்த மணி அடிக்கும்போது என்ன செய்வது? கண்ணை மூடி ஆழ்ந்து மூச்சு விடச் சொல்வார்கள். இந்த வீடுகளில் வளர்ந்தவர்களில் பலருக்குக் கண்ணை மூடினால் பதற்றம் கூடும், ஏனென்றால் கண்ணை மூடிக் கிடந்ததுதான் அந்தக் காவல் நேரம். தியான வகுப்பில் பத்தாவது நிமிடம் அழுகையோ மூச்சுத்திணறலோ வந்து "எனக்கு தியானம்கூட வரல" என்று விட்டவர்கள் நிறைய. கண்ணைத் திறந்து வையுங்கள். கழுத்தை மெதுவாகத் திருப்பி அறையைப் பாருங்கள், கதவு எங்கே என்று பாருங்கள். பாதம் தரையில் அழுந்தட்டும். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். விடுவது நீளமாக இருந்தால்தான் இதயத்துடிப்பு தணியும். ஐந்து நிமிடம் போதும். பிறகு வாய்விட்டு மூன்று விஷயம்: இன்றைய தேதி, என் வயது, இந்த வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது. சாவியைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னால் இன்னும் நல்லது. உள்ளே யார் வரலாம் என்று உங்களால் முடிவு செய்ய முடியாத வீடுதான் அந்தப் பழைய வீடு. இந்த வீட்டுச் சாவி உங்கள் விரலுக்கிடையில் இருக்கிறது. மணி அடிக்காத நேரத்தில் தினமும் இரண்டு தடவை பழகிவைத்தால்தான் அடிக்கிற நேரத்தில் கைகொடுக்கும். நீச்சலை வெள்ளத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

துணையோடு செய்துகொள்ளும் ஏற்பாடுகள் சின்னவைதான், ஆனால் மாத்திரையைவிட வேகமாக வேலை செய்வதுண்டு. வெளியிலிருந்து வருகிறவர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு உள்ளே வரட்டும். முகம் சரியில்லாமல் வந்தால் காரணத்தை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடட்டும்: "உன்மேல கோவம் எதுவும் இல்ல, ஆபீஸ்ல தலைவலி, அரை மணி நேரம் தனியா இருக்கேன்." சண்டை என்றால் அறையை விட்டுப் போகிறவர், திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் வெளியேறி வண்டியை எடுத்துக்கொண்டு போவதைப்போல் இவர்களைச் சிதைப்பது வேறில்லை. மறுபக்கம், இவர்கள் செய்ய வேண்டிய வேலையும் உண்டு: யூகிப்பதை நிறுத்திக் கேட்பது. "உங்க முகத்தைப் பாத்தா கோவம்னு தோணுது, சரியா?" என்று ஒரே ஒரு முறை. வந்த பதிலை நம்புவது. இரண்டாவது தடவை கேட்கத் துடிக்கும், அப்போது மூச்சுக்குப் போக வேண்டும்.

முடியாது என்று சொல்ல வராதவர்களுக்கு, முடியாது என்பதையே உடனே பழகச் சொன்னால் தோற்றுவிடுவார்கள். அதற்கு முந்தின படி "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்". மச்சான் கடன் கேட்டாலும் சரி, மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாலும் சரி, ஒரு நாள் இடைவெளி வாங்குங்கள். அந்த ஒரு நாளில் முன்மூளை வந்து சேர்ந்துவிடும்.

உங்கள் குடியைப் பற்றியும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். குடிநோயில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழப் பாதி என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. மீதிப் பாதி சூழல், பழக்கம், தேர்வு. "நான் அப்பா மாதிரி இல்ல, வாரக் கடைசியில மட்டும்தான்" என்பவர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவத்தைப் போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 40-க்கு 8-ஐத் தொட்டால் ஆபத்தான குடி. தினமும் அதிகமாகக் குடிப்பவர் வைராக்கியத்தில் சட்டென்று நிறுத்தக் கூடாது. நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் உளறலும் நடுக்கமும் காய்ச்சலுமாக உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

இவை போதாத நிலை எப்போது? பழைய காட்சிகள் இப்போது நடப்பதுபோலவே வந்து போவது, அதை நினைவூட்டும் இடங்களை விட்டு விலகிக்கொண்டே இருப்பது, ஓயாத உஷார்நிலை ஆகிய மூன்றும், அவற்றோடு உணர்ச்சி கட்டுக்குள் வராமை, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற ஊறிப்போன எண்ணம், உறவுகள் நிலைக்காமை ஆகியவையும் சேர்ந்தால், அதற்குக் காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனஅழுத்த நோயின் சிக்கலான வடிவம், என்று பெயர். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் இது தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே உதவி தேட வேண்டும். இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

சிகிச்சையாளரிடம் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. நீங்கள் மனநல மருத்துவரா, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவுபெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா? அதிர்ச்சிக்கான சிகிச்சையில் எந்த முறையில் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள்? அமர்வுக்கு நடுவில் எனக்குத் தாங்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாதவரிடம் பழைய கதையைத் திறக்க வேண்டாம். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையான சிபிடியில் அதிர்ச்சியை மையமாக வைத்த வகை, கண்ணசைவைப் பயன்படுத்தும் ஈஎம்டிஆர் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்தது. ஒற்றைச் சம்பவத்துக்கு 8 முதல் 12 அமர்வு வழக்கம். வருஷக்கணக்கில் நடந்ததற்குக் கூடுதலாகும். பெரும்பாலும் தூக்கத்தையும் பதற்றத்தையும் அடக்கிக் காலூன்ற வைத்த பிறகுதான் நினைவுகளைத் தொடுவார்கள். முதல் அமர்விலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, வெட்கத்தில் அடுத்த வாரம் போகாமல் இருப்பதுதான் அதிகம் நடக்கும் விபத்து. "இன்னைக்கு இது போதும்" என்று நிறுத்துகிற சிகிச்சையாளர் நல்லவர். மாத்திரை மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைக்கும். அந்த வேலை முக்கியமானது. காதைப் பழக்குவது அதன் வேலை இல்லை.

காசு இல்லாதவர்களுக்கு மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு இருக்கிறது. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் 1951-ல் அமெரிக்காவில் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் கூட்டங்கள் உண்டு, கட்டணம் இல்லை, பெயர்கூடச் சொல்ல வேண்டாம். அங்கே சொல்லும் மூன்று வாக்கியங்கள்: இதை நான் உண்டாக்கவில்லை, என்னால் கட்டுப்படுத்த முடியாது, என்னால் குணப்படுத்த முடியாது. சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, குடிப்பவரோடு குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை தந்து வருகிறது.

இப்போது இப்படி ஒரு வீட்டில் பிள்ளை வளர்த்துக்கொண்டிருக்கும் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. ஹவாயின் கௌவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, பெற்றோரின் குடி என்று பல பாதகங்களோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல, அக்கறையுள்ள பெரியவர்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்டது, எப்போதும் மாறாத முகத்தோடு நின்ற ஒரு பெரியவர்: பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர், ஆசிரியர்.

அப்பாவைத் திருத்த முடியாமல் போகலாம். அந்த ஒரு முகத்தைப் பிள்ளைக்கு ஏற்பாடு செய்ய முடியும். தெருவில் நம்பிக்கையான ஒரு வீட்டைப் பேசி வையுங்கள். ஒரு செட் யூனிஃபார்ம், ஒரு நோட்டு, ஒரு பென்சில் டப்பா அங்கே இருக்கட்டும். பரீட்சைக்கு முந்தின ராத்திரியும் சம்பள நாள் ராத்திரியும் பிள்ளை அங்கே படுத்துக்கொள்ளட்டும், கேட்காமலே போகலாம் என்ற அனுமதியோடு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். அப்பா குடித்துவிட்டு வந்த மறுநாள் காலை, எதுவுமே நடக்காததுபோல் இட்லி வைக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: "நேத்து ராத்திரி நடந்தது தப்பு. நீ எதுவும் பண்ணல. உன்னால அதை நிறுத்த முடியாது, நிறுத்த வேண்டியதும் உன் வேலை இல்ல." பிள்ளை பதில் சொல்லாது. தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். அந்தக் காதுக்கு எதுவும் தப்பாது.